முதலில் கை தூக்கியவன்

தமிழ்மணிக்கு ஒரு போர் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். அதுவும் இரண்டாம் உலகப்போர் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவான். ஐம்பத்திரண்டு வயது. மாரண்டஹள்ளிக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் ஊர், இரண்டரை ஏக்கர் தக்காளி. பிளஸ் டூவில் சரித்திரம் ஒன்றில்தான் அவன் பாஸ். மிச்சத்தைப் போனில் வரும் வீடியோக்கள் கற்றுக்கொடுத்தன. எந்த நாடு எந்தத் தேதியில் வெள்ளைக்கொடி காட்டியது என்று கேட்டால், பெற்ற பிள்ளைகளின் பிறந்தநாளைவிடச் சரியாகச் சொல்வான்.

சபை கூடும் இடம் இத்ரீஸின் கடை. ஊர் மெயின் ரோட்டில் ஒற்றை ஷட்டர் போட்ட கடை. கிணற்று மோட்டார் புகைந்துபோனால் கருகிய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டித் தருவது இத்ரீஸின் தொழில். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவன் சும்மா இருப்பானா? கிரேடு என்கிற பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வாயைத் திறப்பான். மோட்டார் கொண்டுவராதவனும் வந்து உட்காருவான். வார்னிஷ் வாடையில் ஐரோப்பா முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, மாடு கறக்கும் நேரத்துக்கு அவரவர் வீட்டுக்குப் போவார்கள். இத்ரீஸ் செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றிக்கொண்டே காதை மட்டும் கொடுப்பான். நாற்பத்து மூன்று வயது, வாய் கம்மி. அவனும் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட்டிருந்தான்.

"மார்ச் மாசம் பிரான்சும் இங்கிலாந்தும் பேசி முடிவு பண்றாங்க. என்னன்னு? எவனும் தனியாப் போயி சமாதானம் பேசக் கூடாதுன்னு!" அன்றைக்குத் தமிழ்மணி தொடையைத் தட்டிக் கத்தினான். "ஜூன் மாசம் பிரான்ஸ் என்ன பண்ணுச்சு? ரயில் பெட்டியில உக்காந்து தனியாக் கையெழுத்துப் போட்டுச்சு. மூணே மாசம்! கூட்டாளின்னா ஒரு மானம் வேணாமா?"

"அண்ணா, நீங்க அங்க இருந்திருந்தீங்கன்னா ஜெர்மன்காரன் பாலக்கோட்டோட திரும்பிப் போயிருப்பான்" என்றான் மாயவன். அவனுக்கு எதிலும் எகத்தாளம்தான்.

ஊரில் பெரிய பண்ணையமும் பெரிய பேச்சும் உள்ளவர் பச்சியப்பன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பிரான்சுக்கு முன்னாடியே பெல்ஜியம் கை தூக்கிருச்சில்லப்பா?"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். முதல்ல கை தூக்குனவன்தான் துரோகி. பின்னாடி தூக்கறவன் பாவம், என்ன பண்ணுவான்? காரணம் கீரணம் எல்லாம் அப்புறம் எழுதிக்கறது."

இத்ரீஸ் கம்பியை நிறுத்தாமலே பேசினான். "அப்பிடி இல்லீங்கண்ணா. இனிமே தாங்காதுன்னு பெல்ஜியம் ராஜா முன்னாடியே சொன்னாருன்னுதான் வீடியோல வருது. எல்லாரும் தோத்தப்புறம் பழியத் தூக்கி அவர் மேல போட்டுட்டாங்க. சின்ன நாடு பாருங்க, போடறதுக்கு வசதி." இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் சொன்னான். "சாப்பாடு தீந்தாக்கூட நாலு நாளு தாங்கலாம். பக்கத்துல நிக்கறவன் நாளைக்கு நிப்பானான்னு சந்தேகம் வந்துருச்சுன்னா, அன்னிக்கே தோத்தாச்சு."

"உனக்கு எப்பவும் தோத்தவன் கட்சிதான்டா" என்று தமிழ்மணி அவன் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தான்.

அந்த மாதம் மண்டியில் அநியாயம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. பத்து கிரேடு தக்காளி கொண்டுபோனால் கழிவு என்று ஒரு கிரேடை எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். அதைத் திடீரென்று இரண்டாக்கிவிட்டார்கள். இத்ரீஸ் கடையில்தான் பேச்சு கிளம்பியது. தக்காளி போட்ட பதினொரு பேரும் ஐந்து நாள் எந்த மண்டிக்கும் ஒரு காய்கூட அனுப்பக் கூடாது, பழையபடி ஒன்றாக்கும்வரை யாரும் தனியாகப் போய்ப் பேசக் கூடாது என்று முடிவானது. கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யலாம் என்றார் பச்சியப்பன்.

"வேணாங்க. இத்ரீசும் நம்மகூட நிக்கறான். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு பண்ணுவோம்" என்று எழுந்தான் தமிழ்மணி. "அவனவன் கிரேடையெல்லாம் கொண்டாந்து தண்ணித் தொட்டிகிட்ட அடுக்குவோம். கிரேடே இல்லாம எவன் அனுப்புவான்?"

நல்ல யோசனை, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அன்று மாலையே கிரேடுகள் மலையாகக் குவிந்தன. ஒவ்வொருவன் கிரேடிலும் அவனவன் குறியும் வண்ணமும் இருக்கும். தமிழ்மணிக்கு நீலத்தில் 'த', இத்ரீஸுக்குப் பச்சையில் 'இ'. மண்டியில் யாரும் ஆளைப் பார்த்துப் பேர் எழுதுவதில்லை. கிரேடில் இருக்கும் குறியைப் பார்த்துத்தான் சீட்டுப் போடுவார்கள். மற்றவர்கள் கிளம்பியபின் குவியலுக்கு மேல் கயிறு கட்டும்போது இத்ரீஸ் தமிழ்மணியிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "என்னுது நாப்பது உங்க கொட்டாயில இருக்குதுங்கண்ணா. போன வாரம் எரவல் வாங்கினீங்களே."

"இருக்கட்டும்டா, அது எங்க ஓடிப்போகுது" என்றான் தமிழ்மணி.

முதல் இரண்டு நாள் திருவிழாதான். மண்டியிலிருந்து போன் மேல் போன். ஒருவனும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தமிழ்மணி வயலுக்குப் போனான். மேற்குப் பாத்தி முழுக்க ஒரே சிவப்பு. அவன் நட்டது மற்றவர்களைவிட ஒரு வாரம் முந்தி; பழுத்துக் காம்பு விடுகிற பக்குவம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்துப் பார்த்தால் கனமழை என்று போட்டிருந்தது. மழை விழுந்தால் பழம் அத்தனையும் வெடித்துப்போகும். 

"நிர்மலா, ஒரு நாப்பது கிரேடு மட்டும் பறிச்சிரலாமா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"எதுல போட்டு அனுப்புவீங்க? உங்களுதெல்லாம் தொட்டிகிட்ட கெடக்குது" என்றாள் நிர்மலாதேவி.

அவன் வைக்கோல் கொட்டாய்ப் பக்கம் பார்த்தான். அவளும் பார்த்தாள்.  பொழுது சாயும்வரை குனிந்த தலை நிமிராமல் பறித்தார்கள். வெளியூர் டெம்போ ஒன்று மறுநாள் விடிவதற்குள் பின்பக்கத்து வண்டிப்பாதை வழியாக வந்து ஏற்றிக்கொண்டு போனது. உள்ளூர் மண்டிக்கு அனுப்பினால்தானே துரோகம், பக்கத்து டவுன் பாலக்கோட்டுக்கு அனுப்பினால் என்ன என்று தனக்குத் தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான். அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குக் கிரேடு தெரிந்தது, அதன் மேலிருந்த பச்சை தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அன்றைக்கு ஒரு பொட்டு மழை பெய்யவில்லை.

காலி கிரேடுகளோடு டெம்போ திரும்பி வந்தபோது டிரைவர் ஒரு சீட்டைக் கொடுத்தான். 'இ - 40' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் தமிழ்மணிக்குப் பச்சைக் குறி ஞாபகம் வந்தது. கிரேடுகளை வைக்கோலுக்கு அடியில் தள்ளி மூடினான்.

மூடி என்ன பிரயோஜனம்? அன்றைக்கென்று பாலக்கோட்டுக்கு மருந்து வாங்கப் போன மாயவன் மண்டியில் பச்சைக் குறியைப் பார்த்துவிட்டான். அங்கே இருந்த வியாபாரி வேறு, "உங்க ஊர்க்காரங்க ஸ்ட்ரைக்கு அவ்ளோதானா?" என்று சிரித்திருக்கிறான். செய்தி ஊருக்குள் வந்த அரைமணி நேரத்தில் தண்ணித் தொட்டியடியில் கயிற்றை அறுத்துவிட்டார்கள். அவனவன் கிரேடை அவனவன் இழுத்துக்கொண்டு ஓடினான். மறுநாள் பத்துப் பேரும் முண்டியடித்துக்கொண்டு மண்டியில் நின்றார்கள். இரண்டு கிரேடு கழிவு இரண்டாகவே நின்றது. கெஞ்சிக் கேட்டவனைக்கூட மண்டிக்காரர்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலை இத்ரீஸ் கடைக்கு முன்னால் கூட்டம். பச்சியப்பன்தான் கேட்டார். "ஏன் இத்ரீசு, உன் குறி போட்ட கிரேடு பாலக்கோட்டுக்கு எப்பிடிப்பா போச்சு?"

இத்ரீஸ் தலையைத் தூக்கினான். நேராகத் தமிழ்மணியைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. தமிழ்மணி சட்டென்று பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, வராத போனை வந்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அனுப்பலீங்க" என்றான் இத்ரீஸ்.

"அப்ப கிரேடுக்குக் கால் மொளச்சு நடந்து போச்சா?" என்றான் மாயவன்.

இத்ரீஸ் பதில் சொல்லவில்லை. தமிழ்மணியும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நாள் முழுக்கப் பேசுகிற வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ!

அதோடு சபை கலைந்தது. மெயின் ரோட்டிலேயே நாலு கடை தள்ளி இருந்த உரக்கடை வாசலுக்குப் பேச்சு இடம் மாறியது. மோட்டார் புகைந்தால் பஸ்ஸில் போட்டுப் பாலக்கோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இத்ரீஸ் கடைக்கு ஒருவனும் போவதில்லை. மாயவன் அவனுக்கு 'பெல்ஜியம்' என்று பேர் வைத்தான். "பெல்ஜியம் இன்னிக்கும் கடையத் தெறந்து வெச்சிக்கிட்டு ஈ ஓட்டுதுடோய்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். தமிழ்மணியும் சிரித்தான். சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்களே என்று சிரித்தான். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை.

சபை கலைந்த பன்னிரண்டாம் நாள் அவனுடைய மோட்டாரே புகைந்துவிட்டது. அதை டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டி, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, இத்ரீஸ் கடையைத் தாண்டிப் பாலக்கோட்டுக்குப் போனான். தாண்டும்போது தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். துண்டுக்குள் இருப்பது மோட்டார் என்று காயில் கட்டுகிறவனுக்குத் தெரியாதா? கூனிக் குறுகித்தான் போனான். ஆனாலும் போனான்.

"அந்த மனுசன் கடையில ஒரு மோட்டார்கூட இல்லீங்க" என்றாள் நிர்மலாதேவி அன்று. "அவரு வீட்டுக்காரம்மா சாயிரா அக்காவ ரேஷன் கடையில பாத்தேன். என்னையப் பாத்து எப்பவும்போல சிரிச்சாங்க. எனக்கு அங்கயே செத்துரலாம்னு இருந்துச்சு. நானுந்தான பறிச்சேன்? நீங்க சொல்றீங்களா, நான் போயிச் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்" என்றான். சொல்ல இன்னும் ஐந்து நாள் ஆனது.

பதினேழாம் நாள் மாலை உரக்கடைக்கு முன்னால் எல்லாரும் இருந்தார்கள். ஜப்பான் சரணடைந்தது அணுகுண்டாலா, ரஷ்யா போரில் இறங்கியதாலா என்று வாக்குவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. "வாங்கண்ணா, தீர்ப்பு சொல்லுங்க" என்று மாயவன் இடம் விட்டான். தமிழ்மணி உட்காரவில்லை. 

"பாலக்கோட்டுக்குத் தக்காளி அனுப்புனது இத்ரீசு இல்ல" என்றான். "நான்தான்."

 மாயவன் கெக்கெக்கே என்று சிரித்தான். பச்சியப்பன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து தமிழ்மணியின் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"பாருங்கப்பா, இவன் மனுசன்" என்றார். "அத்தனை வருஷ சிநேகிதம். அவன் கடை படுத்துப்போச்சேன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்க வந்திருக்கான். கூட்டாளின்னா இவந்தான் கூட்டாளி."

"ஐயோ, இல்லீங்க! நெசமாலுமே நான்தான். இந்தாங்க சீட்டு!" தமிழ்மணி சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான்.

பச்சியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முகம் மாறியது. "இதுல 'இ'ன்னுதானப்பா போட்டிருக்குது? இது அவன் சீட்டு. உங்கிட்ட இதக் குடுத்து, நான்தான்னு சொல்லச் சொன்னானா? அட வெக்கங்கெட்டவனே! செஞ்சதும் இல்லாம, உன்னையும் சேத்து இழுக்கப் பாக்கறானா?"

தமிழ்மணி வாயைத் திறந்தான். என் பொண்டாட்டியைக் கேளுங்கள் என்று கத்தியிருக்கலாம். டெம்போக்காரனைக் கூப்பிட்டிருக்கலாம். கொட்டாய்க்கு வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. ஏனென்றால் உள்ளுக்குள், எங்கேயோ ஒரு மூலையில், அப்பாடா என்று இருந்தது. சொல்லவும் சொல்லியாகிவிட்டது, மானமும் போகவில்லை. யாரோ ஒரு டீயைக் கையில் திணித்தார்கள். அவன் உட்கார்ந்து அதைக் குடித்தான். ஜப்பானைப் பற்றிய பேச்சு தொடர்ந்தது.

குடித்து முடித்து டீ கிளாஸைக் கீழே வைத்தான். தன்னை நினைத்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. எழுந்தவன் நேராக இத்ரீஸ் கடைக்கு நடந்தான். நாலு கடைத் தூரம். பதினேழு நாளாக அந்தத் தூரத்தை அவன் நடக்கவில்லை.

இத்ரீஸ் பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தான். வேலை இருப்பதுபோல இருக்க வேண்டுமே.

"இத்ரீசு, உன் கிரேடுல அனுப்புனது நான்தான்டா."

"தெரியுங்கண்ணா" என்றான் இத்ரீஸ், நிமிராமல். "நாப்பதும் உங்க கொட்டாயிலதான இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

"பதினோரு பேர்ல நான் ஒருத்தன் தனி. என் குறி போட்ட கிரேடு. நான் வாயத் தெறந்து உங்க பேரச் சொன்னா, தப்பிக்கறதுக்குச் சொல்றான்னுதான சொல்லுவாங்க? நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னிக்குச் சொல்லுவீங்க, மறுநாள் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"இப்பச் சொல்லிட்டேன்டா. உரக்கடையில எல்லார் முன்னாடியும் சொன்னேன். நம்ப மாட்டேங்கறாங்க. சீட்டக் காட்டுனேன், அதுலயும் உன் குறி."

இத்ரீஸ் இப்போது நிமிர்ந்தான். "நம்பலையா? அப்புறம் என்ன பண்ணீங்க?"

 பொய் சொல்லலாம் என்று தமிழ்மணிக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அது ஒன்றுதான் அந்தப் பதினேழு நாளில் அவன் செய்த உருப்படியான காரியம்.

"டீ குடிச்சேன்" என்றான்.

இத்ரீஸ் கையிலிருந்த துணியை மடித்து மேஜை மேல் வைத்தான்.  கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, நாலு அறை விட்டிருந்தால் தமிழ்மணி வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

"என் கிரேடக் குடுத்துருங்க" என்றான் இத்ரீஸ். "பகல்ல கொண்டாங்க."

அவ்வளவுதான். தமிழ்மணிக்குச் சுரீரென்று உறைத்தது. சீட்டில் யார் பேர் இருந்தால் என்ன? கிரேடு யார் கொட்டாயிலிருந்து வருகிறது என்பதை ஊரே கண்ணால் பார்க்கும். பதினேழு நாளாக வைக்கோலுக்கு அடியில் அவன் மூடி வைத்திருந்தது அதைத்தானே!

மறுநாள் காலை பத்து மணிக்கு, பால் ஊற்றப் போனவர்களெல்லாம் திரும்பி, ரோடு நிறைய ஆள் நடமாடும் நேரத்தில், தமிழ்மணி வைக்கோலைத் தள்ளினான். கிரேடு எட்டை டிவிஎஸ்ஸின் பின்னால் அடுக்கிக் கயிறு போட்டான். மேலே எதையும் மூடவில்லை. பச்சைக் குறி வெளிப்பக்கம் தெரியும்படி நிர்மலாதேவிதான் திருப்பித் திருப்பி வைத்தாள்.

முதல் நடையில் உரக்கடைக்காரர்கள் சும்மா பார்த்தார்கள். இரண்டாம் நடையில் மாயவன் எழுந்து நின்றான். மூன்றாம் நடையில் பச்சியப்பன் ரோட்டின் நடுவே வந்து வண்டியை மறித்தார்.

"இதெல்லாம் எங்கிருந்துப்பா வருது?"

"எங்க கொட்டாயிலருந்துங்க. வைக்கோலுக்கு அடியில இருந்துச்சு."

"எத்தனை?"

"நாப்பது."

பச்சியப்பன் முகத்தில் ஈயாடவில்லை. நேற்றுத் தோளில் வைத்த அதே கையை வண்டியின் ஹாண்டில் மேலிருந்து எடுத்து, சூடுபட்டதுபோல வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வழிய விடுங்கப்பா, போகட்டும்" என்றார் பின்னால் நின்றவர்களிடம். மாயவன் ஏதாவது சொல்வான், பேர் வைப்பான் என்று தமிழ்மணி காத்திருந்தான். அவன்கூட வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால் ஒரு பதிலாவது சொல்லியிருக்கலாம். ஐந்தாம் நடையில் ரோட்டின் இரண்டு பக்கமும் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். மெயின் ரோட்டின் அந்த முந்நூறு அடியை ஓட்டுவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கடையில் இத்ரீஸ் ஒவ்வொரு கிரேடாக வாங்கிச் சுவரோரம் அடுக்கினான். கடைசிக் கிரேடை வைக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. மாயவன் ஒரு மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றிருந்தான். இத்ரீஸ் அதை வாங்கி மேஜை மேல் வைத்தான். "உக்காருங்க" என்று மாயவனுக்கு ஒரு கிரேடைக் கவிழ்த்துப் போட்டான்.

தமிழ்மணியும் நின்றான். இருபது வருஷமாக முதல் ஆளாக வந்து உட்கார்ந்த இடம். தனக்கும் ஒரு கிரேடு விழும் என்று எதிர்பார்த்து நின்றான், வெட்கத்தைவிட்டு.

இத்ரீஸ் சுவரோரம் திரும்பி ஒருமுறை எண்ணினான்.

"நாப்பதும் சரியா இருக்குதுங்க" என்றான்.

தமிழ்மணி இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். அண்ணா என்று ஒரு வார்த்தை பின்னால் வரும் என்று நின்றான். இத்ரீஸ் மோட்டாரின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். தமிழ்மணி கயிற்றைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான்.